மூன்றாம் வருஷத்து மேசை

1867 செப்டம்பர் 14

இன்று முடி வெட்டினார்கள். நாவிதனுக்குக் கை நடுங்கியது. கத்தி கழுத்துப் பக்கம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். "ஏம்ப்பா, பயப்பட வேண்டியவன் நானு. நீ எதுக்கு நடுங்கறே?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. குடியரசுத் தலைவர் பேசுவது வேடிக்கையா கட்டளையா என்று இந்த ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. காதுக்கு மேல் ஒரு கீறல். அவனைவிட என்னைத்தான் எல்லோரும் பயத்தோடு பார்த்தார்கள்.

மதியம் சூப். சமையலறையில் ஒருவன் ருசி பார்க்கிறான், நடையில் ஒருவன், கதவடியில் லாவ்ரியானோ. மூன்று பேரும் சுருண்டு விழவில்லை என்று தெரிந்த பிறகு என்னிடம் வருகிறது. அதற்குள் மேலே ஆடை கட்டிவிடும். பன்னிரண்டு நாற்காலி போட்ட மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து குடித்தேன். எனக்கு முன்னால் ஆண்ட ஐந்து பேர் சுவரில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். படமாகத்தான்.

லாவ்ரியானோ கொடுத்துவைத்தவன். ஒற்றைக் கண் கிழட்டு சார்ஜென்ட், ஆனால் என் சூப்பை என்னைவிடச் சூடாகக் குடிக்கிறான்.

செப்டம்பர் 22

மழை இல்லை. என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருஷம் ஏழு மாதம்.

அக்டோபர் 6

மந்திரி ஊரியோஸ்தே வந்தார். சட்டம் படித்தவர். என் வாக்கியங்களைத் திருத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. யுராக்மாயு ஆற்றங்கரையில் கல்தூண் நட வேண்டுமாம். பிப்ரவரி ஒன்பது, வெற்றித் திருநாள் அன்று நான் போய்த் திறந்துவைக்க வேண்டுமாம். தூணில் வெட்டப்போவதை வாசித்துக் காட்டினார். 'கோழை எதிரி பாலத்தை அறுத்தான். அப்பாவிப் பெண்கள் மாண்டனர். நம் வீரர் பழி தீர்த்தனர்.'

நன்றாயிருக்கிறது என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

எதிரி அறுக்கவில்லை. இந்த நோட்டிலும் பொய் எழுதினால் வேறு எங்கே போய் உண்மையை எழுதுவது? அறுக்கச் சொன்னவன் நான். எங்கள் நானூறு பேரும் இக்கரை வந்தாயிற்று. எதிரி அக்கரை மேட்டில் தெரிந்துவிட்டான். எங்களுக்குச் சமைத்துப் போடும் ரபோனாப் பெண்கள் மட்டும் பாக்கி. பன்னிரண்டு பேர், முதுகில் பானையும் மூட்டையும். முதல் நாலு பேர் புல்கயிற்றுப் பாலத்தில் கால் வைத்துவிட்டார்கள், மற்றவர்களும் பின்னாலேயே ஏறிவிட்டார்கள். "அறு, தெமெத்ரியோ" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அறுடா" என்றேன். வாளை ஓங்கினான். அந்தத் தெமெத்ரியோவுக்குத்தான், பெண்களைக் காப்பாற்றப் பாடுபட்டதற்காகப் பதக்கம் குத்தினேன். என் கையாலேயே.

ஊரியோஸ்தே போன்றவர்களுக்கு ரபோனா என்றால் படைக்குப் பின்னால் அலைகிற பொம்பளை. எங்கள் படையில் யாருக்கு அரசாங்கம் சோறு போட்டது? நாள் முழுக்க எங்களோடு நடந்து, எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, எங்கிருந்தோ நாலு சுள்ளியும் நாலு உருளைக்கிழங்கும் கொண்டுவந்துவிடுவார்கள். மெல்சோரா பதினோரு வருஷம் எனக்குச் சமைத்தாள். மழையோ பனியோ, ஒரு நாளும் ஆறின சூப் தந்ததில்லை. அவளை நான் மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கெல்லாம் அப்போது நேரம் ஏது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பாலத்தில் இரண்டாவதாக வந்தவள் அவள்.

அக்டோபர் 13

ஞாயிற்றுக்கிழமை விருந்து. நீதிபதி தன் மகளை மறுபடி அழைத்து வந்தார். நல்ல பெண். பாரிஸில் இந்த வருஷம் தொப்பியெல்லாம் சின்னதாகிவிட்டதாம். என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் என் பதக்கங்களைப் பார்த்தே பேசி முடித்தாள். பாவம், அவளுக்கும் சூப் ஆறித்தான் வந்தது. இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன். வராவிட்டால் இருவருக்கும் நல்லது.

அக்டோபர் 30

ஊரெங்கும் ரொட்டி வாசனை. ஆவிகள் வருகிற நாள் நெருங்கிவிட்டது. லாவ்ரியானோவை ரொட்டி அடுப்புக்காரனிடம் அனுப்பினேன். முகம் வைத்த ரொட்டிப் பொம்மை ஒன்று, மார்பில் மாவாலேயே 'மெல்சோரா' என்று எழுதி. ஆவி இறங்கி வர ஒரு ரொட்டி ஏணி. பிறகு அவித்த அவரை, வேர்க்கடலைச் சூப், கறுப்புச் சுருட்டு. ஆவி தண்ணீர் உறிஞ்சிக் குடிக்க வெங்காயத்தாள்.

செத்தவர்களுக்கு மூன்று வருஷம் மேசை போட வேண்டும். இது மூன்றாவது. இதோடு அவளை அனுப்பிவைக்க வேண்டியதுதான்.

நான் போனால் எனக்கு யார் போடுவார்கள்? அரசாங்கம் போடும். கறுப்புத் துணி, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டு, ஊரியோஸ்தேயின் உரை. அதற்கு எந்த ஆவி மலையிறங்கி வரும்? எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. என் ஆவி மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பும். குண்டுக்கு அஞ்சாதவன் இதற்கு அஞ்சுகிறேன்.

நவம்பர் 1

சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் மேசை போட்டோம். நானும் லாவ்ரியானோவும் மட்டும். பன்னிரண்டு மணி அடித்ததும் ஒரு ஈ வந்தது. ஆவி ஈயாகத்தான் வரும் என்பார்கள். நேராகச் சூப் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. மெல்சோராவுக்கு எந்தச் சூப்பையும் ருசி பார்க்காமல் விட முடியாது.

"வா" என்றேன். "உப்பு கொஞ்சம் கம்மி, தெரியும்."

லாவ்ரியானோ வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நாட்டின் தலைவன் ஈயோடு பேசுவதைப் பார்த்தால் அவனுக்கும் சங்கடம்தானே.

நவம்பர் 2

எப்படி எழுதுவது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

இன்று காலை பிரார்த்தனைக்காரர்கள் வந்தார்கள். ஏழை எளியவர்கள் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களுக்காக ஜெபம் சொல்லி ரொட்டி வாங்கிப் போவார்களே, அவர்கள்தான். சமையலறைக் கதவைத் திறந்து விடச் சொல்லியிருந்தேன். நான் உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாறு பேர் வந்து போனார்கள். பிறகு ஒருத்தி காலை இழுத்து இழுத்து வரும் சத்தம். வழக்கம்போல, "யாரு பேருக்கு ஜெபம் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"மெல்சோரா சோக்கே" என்றான் லாவ்ரியானோ. அவனுக்கு இருக்கிற ஒரு கண்ணும் மங்கல்.

காலை இழுக்கும் சத்தம் மேசைப் பக்கம் வந்தது. பிறகு, "யாருடா இந்த மேசையப் போட்டது?"

அந்தக் குரல். திரையை எப்போது விலக்கினேன் என்று தெரியாது. அவள்தான். முகத்தில் ஒரு தழும்பு புதிது. தலையில் பாதி நரை. ரொட்டிப் பொம்மையைக் கையில் எடுத்து, தன் பெயரைத் தானே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"நீதானா" என்றாள். "எத்தனை வருஷமா?"

"மூணு."

"அதான். ஆத்துல உருண்டு பாறையில மோதினப்போகூட இந்த முட்டிக்கு ஒண்ணும் ஆகல. மூணு வருஷமா நவம்பர் வந்தாப் போதும், உயிர் போவுது. எந்தச் சண்டாளன் இழுக்கறான்னு நானும் கோக்கா இலை போட்டுக் குறி பாத்தேன், கேக்காத இடமில்ல. உயிரோட இருக்கறவளுக்கு மேசை போட்டா இப்படித்தான் இழுக்கும். நீதானா."

நான் மண்டியிட்டேனா, உட்கார்ந்தேனா, நினைவில்லை. செத்துவிட்டதாக நினைத்தேன் என்றேன். ஏன் வரவில்லை, ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். எந்த மூஞ்சியோடு கேட்டேன்.

"நீ அறுக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஆத்துச் சத்தம் அவ்வளவு இருந்தும் கேட்டுச்சு. உன் தொண்டை எனக்குத் தெரியாதா?" அழவில்லை. கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "மூணு தெரு தள்ளிச் சந்தையில சூப் விக்கிறேன். ஒரு வருஷமாச்சு. உன் வண்டி தினம் போகும், பாப்பேன்."

பிறகு மேசையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். "மத்தவளுங்க மேசை எங்கே?"

"என்ன?"

"நான் ஒருத்திதான் பொழைச்சேன். பதினோரு பேரு செத்தாளுங்க. அவளுங்களுக்கு எங்கே?"

நான் போடவில்லை. மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அது என் மனதில் தோன்றவில்லை. கடவுளே, தோன்றவே இல்லை.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். ரொட்டிப் பொம்மையை முந்தானை மூட்டையில் போட்டுக்கொண்டாள். "இது எனக்குச் சேர வேண்டியது" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 3

உயிரோடு இருக்கிறாள்.

நவம்பர் 5

பதினோரு பெயரையும் எழுத உட்கார்ந்தேன். பாஸ்டோரா. டொரோத்தெயா. சிரித்தால் பல் தெரியாத லியோகாடியா. ஏழு பேரோடு நின்றுவிட்டேன். லாவ்ரியானோ இரண்டு சொன்னான். மீதி இருவர்? ஒருத்தி பச்சைப் பாவாடை கட்டியிருப்பாள். இன்னொருத்தி வழியெல்லாம் பாடுவாள். அந்தப் பாட்டுகூட வருகிறது. பெயர் வரவில்லை.

அந்தப் போரில் செத்த குதிரைகளின் பெயர் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

நவம்பர் 11

பழைய போஞ்சோவைப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சந்தைக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் என்று நினைத்தது நான் மட்டும்தான். முனையில் திரும்பும்போதே காய்கறிக்காரிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். எட்டுக் காவலாளிகள் ஆளுக்கொரு முட்டைக்கோசு வாங்குவதுபோல் நடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

மெல்சோரா அண்ணாந்து பார்க்கவே இல்லை. "வரிசையில வாங்க, மேன்மை தங்கியவரே" என்றாள். சந்தையே சிரித்தது. நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மூட்டை தூக்குகிறவன், ஒரு கன்னியாஸ்திரீ. என் முறை வந்தபோது கிண்ணத்தை நீட்டினாள். ஆவி பறந்தது. நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர். சூட்டினால்தான் என்று காவலாளிகள் நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு பெயர் வேண்டும் என்று கேட்டேன். பச்சைப் பாவாடைக்காரியும், பாடுகிறவளும்.

"எதுக்கு? பின்கட்டுல மேசை போட்டு ஈயோட பேசறதுக்கா?" லாவ்ரியானோ வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டான். "பேரு வேணும்னா பாலத்துக்கு வா. தூண் திறக்கற அன்னிக்கு ஊரே கூடுமே. அங்க நின்னு அவளுங்க பேரைச் சொல்லு. யாரு அறுக்கச் சொன்னதுன்னும் சேத்துச் சொல்லு. அப்போ மீதி ரெண்டு பேரை நான் சொல்றேன்."

"சொன்னா நாற்காலி போயிரும், மெல்சோரா."

"உனக்கு உக்கார இடமா இல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சூப் ஊற்றினாள்.

நவம்பர் 20

ஊரியோஸ்தேயிடமும் தெமெத்ரியோவிடமும் சொன்னேன்.

ஊரியோஸ்தே கண்ணாடியைத் துடைத்தார். "ஐயா, இது பாடப்புத்தகத்துல அச்சாயிடுச்சு" என்றார், அச்சானது கடவுள் வாக்கு என்பதுபோல.

தெமெத்ரியோ உட்காரவில்லை. இப்போது கர்னல், தலைநகரப் படைக்கு அவன்தான் தளபதி. அவன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் என்னை 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். "வாள் யாரோடது கொம்பாத்ரே?" என்று கேட்டான்.

"உன்னுது. கட்டளை என்னுது."

"ஊருக்குக் கட்டளை தெரியாது, வாள்தான் தெரியும். பாலத்து வீரன்னு தெருவுக்கு என் பேரு வச்சிருக்கானுங்க. என் மக அந்தத் தெருவுலதான் பள்ளிக்கூடம் போறா. உங்க மனசு ஆறணும்கிறதுக்காக அவ தலை குனியணுமா?"

அவன் சொல்வது தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

டிசம்பர் 8

மெல்சோராவின் முட்டியைப் பார்க்கப் படை வைத்தியரை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு தூக்குச் சூப்போடு. "முட்டியைக் காட்ட மாட்டேன்னுட்டாங்க. 'நீ ரொம்ப மெலிஞ்சிருக்கே, இதக் குடி'ன்னாங்க" என்றார். எனக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம்.

வைத்தியர் மேல் பொறாமைப்பட்டேன். ஐம்பத்திரண்டு வயதில்.

டிசம்பர் 25

எல்லோரும் அவரவர் வீட்டில். பன்னிரண்டு நாற்காலி.

1868 ஜனவரி 19

ஊரியோஸ்தே ஒரு வழி கண்டுபிடித்தார். பதினோரு பெண்களின் பெயரையும் தூணில் வெட்டிவிடலாம், 'எதிரியால் மாண்டோர்' என்று. எல்லோருக்கும் மரியாதை, யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டவுடன் மனசு லேசானது. அப்பாடா என்று இருந்தது. சரி என்றும் சொல்லிவிட்டேன்.

நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மெல்சோரா முழுவதும் கேட்டாள். அடுப்பிலிருந்த பானையை விட்டுவிட்டு, கீழே காலையிலிருந்து மூடி வைத்திருந்த இன்னொரு பானையிலிருந்து எனக்கு ஊற்றினாள். மேலே ஆடை கட்டியிருந்தது. குடித்தேன். வரிசையில் பின்னால் நின்றவனுக்குச் சூடாக ஊற்றினாள்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷத்தில் அவள் எனக்குத் தந்த முதல் ஆறின சூப்.

ஜனவரி 27

தூணில் எதையும் வெட்டவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 9

ஆற்றில் தண்ணீர் அன்றைக்குப் போலவே கலங்கி ஓடியது. புதுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், பழையதைவிட உறுதி. ஊர் ஜனம் முழுக்க இரண்டு கரையிலும். பிஷப், நீதிபதி, மகளின் சின்னத் தொப்பி. தெமெத்ரியோ பதக்கத்தோடு என் வலது பக்கம். ஊரியோஸ்தே எழுதித் தந்த உரை என் சட்டைப்பையில். அதை எடுக்கவே இல்லை.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பெயர்களை வாசித்தேன். பாஸ்டோரா. டொரோத்தெயா. லியோகாடியா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. ஒன்பது பெயர் வாசித்துவிட்டு நிறுத்தினேன். "இன்னும் ரெண்டு பேர். அவங்க பேர் எனக்குத் தெரியாது. எனக்குச் சோறு போட்டவங்க, பேர் தெரியாது. இவங்களை எதிரி கொல்லல. பாலத்தை அறுக்கச் சொன்னவன் நான். வாள் பிடிச்சவன் என் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவன், அவன் மேல குத்தமில்ல. ரெண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவன் செய்யல" என்றேன்.

எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. சொல்லும்போது சீக்கிரம் முடிந்துவிட்டது.

பிஷப் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அக்கரையிலிருந்து, அன்றைக்கு அவர்கள் நின்ற அதே இடத்திலிருந்து, சந்தையில் கூவிக் கூவிப் பழகிய ஒரு குரல்: "பச்சைப் பாவாடைக்காரி பேரு பெத்ரோனா." கொஞ்சம் நிறுத்தி, "பாடினவ பேரு இசிடோரா. அவளுக்கு அப்போ அஞ்சு மாசம்."

அந்த அஞ்சு மாசம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அறுக்கச் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை. சொல்லியிருப்பேன்.

வாத்தியக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவன் தேசிய கீதத்தை ஆரம்பித்தான், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள், பாதியில் விட்டார்கள். தெமெத்ரியோ பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை. என்னைப் பார்க்காமல் குதிரையேறிப் போனான்.

அக்கரையில் தேடினேன். அவள் போய்விட்டிருந்தாள்.

பிப்ரவரி 17

காலையில் தப்பான நேரத்தில் படைவீட்டில் ஊதுகொம்புச் சத்தம் கேட்டது. முப்பத்தைந்து வருஷம் கேட்ட காது, அர்த்தம் புரியாதா. ரொட்டியை முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஊரியோஸ்தே ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார், அழகான கையெழுத்தில். தேதி மட்டும் காலி. மையைப் பார்த்தால் பல நாள் காய்ந்தது. "நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும் ஐயா." போட்டேன். என் வாக்கியங்களைத் திருத்துகிறவரின் வாக்கியம். நான் எதையும் திருத்தவில்லை.

தெமெத்ரியோ நேரில் வரவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தான், என் ஞானமகள். பதினோரு வயது. வாசலில் நின்று, "அப்பா கோவேறு கழுதை நல்லதாப் பாத்துக் குடுக்கச் சொன்னாங்க, ஞானப்பா" என்றாள். தலை குனிந்துதான் சொன்னாள்.

லாவ்ரியானோ கூட வருகிறேன் என்று அடம்பிடித்தான். வேண்டாம் என்றேன். இந்த வயதில் மலை இறங்கினால் இருக்கிற கண்ணும் போகும். என்னைச் சந்தைத் தெரு வழியாகக் கூட்டிப்போகச் சொன்னேன். மேல் தெரு வழியாக எல்லைப் பாதைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஏப்ரல் 2

துறைமுக ஊர், அயல்நாடு. எப்போதும் மூடுபனி, ஒரு நாளும் மழை கிடையாது. கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடைக்கு மேல் ஓர் அறை. இங்கே என்னை 'மலைக்காரர்' என்கிறார்கள். வேறொன்றும் தெரியாது அவர்களுக்கு. சுங்கச்சாவடிப் பக்கம் உட்கார்ந்து, மலையிலிருந்து சரக்கு இறக்கி வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். ஊரியோஸ்தே பார்த்தால் இதையும் திருத்துவார்.

சூப்பை இங்கே யாரும் ருசி பார்ப்பதில்லை. என்னைக் கொல்ல யாருக்கும் அக்கறை இல்லை. மீன் சூப், சூடாகத்தான் தருகிறார்கள். என்னவோ, இறங்கவில்லை.

ஜூலை 23

ஒன்பது நாள் காய்ச்சல். வீட்டுக்காரி கதவுக்கு வெளியே தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். இங்கே செத்தால் கடற்கரை மணலில் புதைப்பார்கள். இவர்கள் மேசை போடுகிற வழக்கமே இல்லையாம், கேட்டுப் பார்த்தேன். "செத்தவன் எதுக்குச் சாப்பிடணும்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 30

ஒன்றுமில்லை.

நவம்பர் 1

மேசை போட்டேன். பதினோரு பேருக்கும். இந்த ஊர் அடுப்புக்காரனுக்கு ரொட்டிப் பொம்மை தெரியாது. எவ்வளவு விளக்கியும் பதினொன்றையும் ஒரே முகமாகச் செய்து தந்தான், பார்த்தால் அவன் மச்சான் சாயல். பெயர்களை நானே கத்தி முனையால் எழுதினேன். பெத்ரோனா. இசிடோரா. இசிடோராவின் பக்கத்தில் சின்னதாக இன்னொரு ரொட்டி, பெயரில்லாமல்.

பன்னிரண்டு மணிக்கு மூடுபனி. ஈகூட வரவில்லை. ஜெபம் சொல்ல ஆள் இல்லை, நானே சொன்னேன்.

நவம்பர் 2

நேற்று மதியத்திலிருந்து வலது முட்டியில் ஒரு பிடிப்பு. படி ஏற முடியவில்லை. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 19

கடிதம் எழுத வந்தவர்களில் ஒருவன், ஃபெர்மின் என்ற கோவேறு கழுதைக்காரன். கடிதம் வேண்டாம் என்றான். "ஒத்தைக் கண்ணு சார்ஜென்ட் ஒருத்தர் உங்க அடையாளம் சொன்னாரு" என்று ஒரு துணி மூட்டையை நீட்டினான். பதினாறு நாள் வழியெல்லாம் கழுதை முதுகில் ஆடி வந்தது.

உள்ளே ஒரு ரொட்டிப் பொம்மை. கல்லாகக் காய்ந்துவிட்டது, ஒரு காலைக் காணோம். மாவில் மீசை வைத்திருக்கிறது, காதுக்கு மேல் ஒரு கீறல்கூட. மார்பில் பெயர். ஜெனரல் இல்லை, மேன்மை தங்கியவர் இல்லை. 'பெர்னா' என்று. பெர்னாபே ரோல்டானை அப்படிக் கூப்பிட்டது உலகத்தில் ஒருத்திதான்.

நான் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு ஃபெர்மின் தயங்கினான். "கோவிச்சுக்காதீங்க. சந்தையில சூப் விக்கிற அம்மா மேசை போட்டாங்க. பதினோரு பொம்பளைங்களுக்கு. நடுவுல உங்களை வச்சிருந்தாங்க. உயிரோட இருக்கிற மனுசனுக்குப் போடக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. 'அவன் எனக்கு மூணு வருஷம் போட்டான், நானும் மூணு வருஷம் போடுவேன், அதுக்கப்புறமும் தேவைப்பட்டாப் போடுவேன்'னுட்டாங்க."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"உங்களுக்கு முட்டி வலிக்குதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கீழே போய் வெந்நீர் வாங்கி வந்து பொம்மையை நனைத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறுகிறது. ஃபெர்மின் வெள்ளிக்கிழமை மலை ஏறுகிறான். வலது முட்டி, ஒன்றாம் தேதி மதியத்திலிருந்து நன்றாக வலிக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.